ஹப், ஸ்விட்ச், ரவுட்டர்: எந்தப் பெட்டி என்ன வேலை செய்கிறது?

எங்கள் பக்கத்தில், கம்பம் கூடலூரில் ஆரம்பித்து லோயர் கேம்ப் வழியாக மலையேறி குமுளி, வண்டிப்பெரியார் வரைக்கும், இன்டர்நெட் சம்பந்தமாக வீட்டில் எந்தப் பெட்டி மினுக்கிக்கொண்டு இருந்தாலும் அதற்கு மோடம் என்றுதான் பெயர். கடைக்குப் போய், "நெட்டைப் பிரிக்கிற ஹப் ஒண்ணு குடுங்கண்ணே" என்று கேட்டால் கடைக்காரர் மறுபேச்சு பேசாமல் ஒரு ஸ்விட்சை எடுத்து வைப்பார். அவர் மேல் தப்பில்லை, உண்மையான ஹப் கடைகளில் இப்போது கிடைப்பதே அபூர்வம். பேச்சில் ஹப், ஸ்விட்ச், ரவுட்டர் மூன்றும் கலந்து கிடப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. காசு கொடுத்து வாங்கும்போதுதான் வினை. ஸ்விட்ச் போதும் என்கிற இடத்தில் இன்னொரு ரவுட்டரை வாங்கி மாட்டிவிட்டு, "நெட் வருது, ஆனா பிரின்டர் வரமாட்டேங்குது", "கேமரா கீழே தெரியுது, மாடிக்குப் போனா தெரியல" என்று புலம்புகிறவர்கள் குமுளி ஹோம்ஸ்டேக்களில் நிறைய.

வித்தியாசம் பெரிய கம்பசூத்திரம் இல்லை. தகவல் ஒரு பெட்டிக்குள் நுழையும்போது அதன் மேல் எழுதியிருக்கும் முகவரியை அந்தப் பெட்டி படிக்கிறதா, படித்தால் எந்த முகவரியைப் படிக்கிறது, அவ்வளவுதான் கேள்வி.

முதலில் ஒரு லயம்

வண்டிப்பெரியார் தேயிலை எஸ்டேட்டுகளில் லயம் பார்த்திருப்பீர்கள். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்து வீடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதில் ஒரு வீட்டுக்குச் சேதி சொல்ல வேண்டும்.

முற்றத்தில் நின்று, "செல்விக்கா, உங்க தம்பி வந்திருக்கான்" என்று ஒரு சத்தம் போடலாம். பத்து வீட்டுக்கும் கேட்கும். செல்வி எழுந்து வருவார், மற்றவர்கள் நமக்கில்லை என்று அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்கள். ஆனால் அதே நேரத்தில் அந்தக் கோடியிலிருந்து இன்னொருவரும் சத்தம் போட்டால் இரண்டு சேதியுமே விளங்காது.

அல்லது, எந்த வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று தெரிந்த ஆள் ஒருவர் நேராகப் போய் அந்தக் கதவை மட்டும் தட்டலாம். மற்ற ஒன்பது வீட்டுக்கும் விஷயம் தெரியாது, தொந்தரவும் இல்லை.

சேதி கம்பத்துக்கோ சென்னைக்கோ போக வேண்டும் என்றால் இந்த இரண்டு வழியும் உதவாது. கதவு தட்டும் ஆளுக்கு லயத்தைத் தாண்டி ஒன்றும் தெரியாது. அது எஸ்டேட் ஆபீஸ் வேலை. வெளியே போகிற தபால் ஆபீஸ் வழியாகத்தான் போகிறது, அனுப்புநர் இடத்தில் எஸ்டேட் முகவரிதான் இருக்கிறது, பதில் வந்ததும் யார் எழுதியதற்கு வந்த பதில் என்று நோட்டைப் பார்த்து அந்த வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

சத்தம் போடுவது ஹப். கதவைத் தட்டுவது ஸ்விட்ச். ஆபீஸ்தான் ரவுட்டர். உவமையை இத்தோடு விட்டுவிடலாம், மேலும் இழுத்தால் கிழிந்துவிடும்.

ஹப்: எதையும் படிக்காத பெட்டி

கணினிகளைக் கம்பி வழியாக இணைக்க இன்று உலகம் முழுக்கப் பயன்படும் முறைக்கு ஈதர்நெட் என்று பெயர். 1973ல் கலிஃபோர்னியாவில் இருந்த ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்கால்ஃப் முன்வைத்த யோசனை, அவரும் டேவிட் பாக்ஸும் சேர்ந்து உருவாக்கியது. ஆரம்பத்தில் எல்லாக் கணினியும் ஒரே நீளக் கேபிளில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. ஒருவர் பேசினால் அந்தக் கேபிளில் இருக்கும் எல்லோருக்கும் போகும். அந்த ஒற்றைக் கேபிளை அப்படியே சுருட்டி ஒரு பெட்டிக்குள் வைத்தால் அதுதான் ஹப்.

கேபிள் சொருகும் ஓட்டைக்கு போர்ட் என்று பெயர். ஹப்பின் ஒரு போர்ட்டில் மின்சைகை வந்தால் அதைக் கொஞ்சம் பலப்படுத்தி மற்ற எல்லா போர்ட்டிலும் அனுப்பிவிடும். யாருக்கு, என்ன என்று பார்க்கவே பார்க்காது. இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் அனுப்பினால் சைகைகள் மோதிச் சிதையும். இரண்டும் அதைக் கவனித்து நிறுத்திவிட்டு, ஆளுக்கொரு கணக்கில் சிறிது நேரம் காத்திருந்து மறுபடி அனுப்பும். கணினிகள் கூடக்கூட மோதலும் கூடும், காத்திருப்பும் கூடும். 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட் வேகம்) ஹப் என்றால் அதில் இருக்கும் அத்தனை பேருக்கும் சேர்த்துத்தான் அந்த 100. அதோடு, பக்கத்துக் கணினிக்குப் போகிற தகவலும் என் கணினி வாசல் வரை வந்துவிட்டுப் போகும், எட்டிப் பார்க்க நினைப்பவருக்கு அது வசதி.

ஸ்விட்ச் விலை இறங்கியதும் ஹப்புக்கு வேலையில்லாமல் போனது. பழைய பிரவுசிங் சென்டர் சாமான்களோடு யாராவது ஒன்றைச் சும்மா கொடுத்தால்கூட வீட்டில் மாட்ட வேண்டாம். மடிக்கணினியில் பென்டிரைவ் சொருக வாங்கும் யூஎஸ்பி ஹப் வேறு சாமான், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஸ்விட்ச்: பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் பெட்டி

நெட்வொர்க்கில், அதாவது இப்படி ஒன்றோடொன்று இணைந்த கருவிகளின் கூட்டத்தில், சேரும் ஒவ்வொரு கருவிக்கும், டிவி, போன், கேமரா எதுவானாலும், தயாரிக்கும்போதே ஓர் அடையாள எண் கொடுத்துவிடுவார்கள். அதன் பெயர் மேக் முகவரி. 48 பிட் நீளம், எழுதினால் 12 இடம் வரும், எண்ணும் எழுத்தும் கலந்திருக்கும். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பார்க்கலாம். (புதிய போன்கள் வைஃபையில் இதை மறைத்து, ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஒரு கற்பனை எண்ணைக் காட்டும். யாரும் பின்தொடர முடியாமல் இருக்க அந்த ஏற்பாடு.)

ஸ்விட்ச் படிப்பது இந்த மேக் முகவரியைத்தான். கடையில் வாங்கி வந்து சொருகுகிறோம், எந்த செட்டிங்கும் செய்வதில்லை, பிறகு எந்தக் கருவி எந்த போர்ட்டில் இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. தகவல் சின்னச் சின்னப் பொட்டலங்களாகத்தான் போகும். ஒவ்வொரு பொட்டலத்திலும் இரண்டு மேக் முகவரி இருக்கும், பெறுநருடையது ஒன்று, அனுப்புநருடையது ஒன்று. மூன்றாவது போர்ட்டிலிருந்து மடிக்கணினி எதையோ அனுப்புகிறது. ஸ்விட்ச் உடனே அனுப்புநர் முகவரியைப் பார்த்து, "இந்த ஆள் மூன்றாம் போர்ட்டில் இருக்கிறார்" என்று தன் பட்டியலில் குறித்துக்கொள்கிறது. அடுத்து பெறுநரைத் தேடுகிறது. பட்டியலில் இல்லையா, வேறு வழியில்லாமல் ஹப் மாதிரியே எல்லா போர்ட்டுக்கும் அனுப்புகிறது. உரியவர் பதில் அனுப்புவார் அல்லவா, அந்தப் பதிலில் அவர் முகவரியும் சிக்கிவிடும். அதன் பிறகு இருவருக்கும் நடுவில் மட்டும்தான் போக்குவரத்து. ஒரு கருவி கொஞ்ச நேரம், பொதுவாக ஐந்து நிமிடம், வாயே திறக்கவில்லை என்றால் அதன் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடும். கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றினாலும் ஒன்றும் குழம்புவதில்லை, புது போர்ட்டிலிருந்து அந்தக் கருவி முதல் பொட்டலத்தை அனுப்பியதுமே ஸ்விட்ச் பட்டியலைத் திருத்திக்கொள்ளும்.

1990ல் கல்பனா என்ற அமெரிக்க நிறுவனம் ஏழு போர்ட்டுகளோடு முதல் ஈதர்நெட் ஸ்விட்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் வினோத் பரத்வாஜ் என்ற இந்திய வம்சாவளிக்காரர். 1994ல் சிஸ்கோ என்ற நெட்வொர்க் கருவி நிறுவனம் கல்பனாவை வாங்கிவிட்டது.

"ஸ்விட்ச் போட்டா ஸ்பீடு பாதியாயிடும்" என்று சொல்வார்கள். ஹப் காலத்துப் பேச்சு அது. ஸ்விட்சில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் முழு வேகம் தனித்தனியாக உண்டு, அனுப்புவதும் வாங்குவதும் ஒரே சமயத்தில் நடக்கும். பகிர்ந்துகொள்வது எதை என்றால், ஸ்விட்சிலிருந்து ரவுட்டருக்குப் போகும் அந்த ஒற்றைக் கேபிளையும், நீங்கள் மாதக்கட்டணம் கட்டும் இணைப்பையும்தான். நாலு கேமராவும் அவற்றைப் பதிவு செய்யும் பெட்டியும் ஒரே ஸ்விட்சில் இருந்தால், இருபத்துநாலு மணி நேரமும் ஓடும் அந்தப் படம் ஸ்விட்சுக்குள்ளேயே சுற்றிவிட்டுப் போகும், உங்கள் நெட் ஸ்பீடை அது தொடுவதே இல்லை.

ஸ்விட்சுக்கு ஒரு கண்டம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். குமுளியில் ஒரு ஹோம்ஸ்டேயில் திடீரென்று எல்லாமே நின்றுவிட்டது, ரவுட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் ரெண்டு நிமிடத்தில் மறுபடி படுத்துக்கொண்டது. போய்ப் பார்த்தால் வரவேற்பு மேசைக்கடியில் எட்டு போர்ட் ஸ்விட்ச், அதன் பச்சை விளக்குகள் ஒன்று முந்தி ஒன்று பிந்தி சிமிட்டாமல் எல்லாம் ஒரே தாளத்தில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. முதல் நாள் பெருக்கித் துடைத்தவர், தரையில் கிடந்த கேபிள் முனையைப் பார்த்து, கழன்றுவிட்டது போல என்று நல்லெண்ணத்தோடு காலி போர்ட்டில் சொருகியிருக்கிறார். அந்தக் கேபிளின் மறுமுனை ஏற்கெனவே அதே ஸ்விட்சில்தான் இருந்தது. எல்லோருக்கும் என்று முகவரியிட்ட பொட்டலம் ஒன்று ஒரு முனையில் வெளியேறி மறுமுனையில் உள்ளே வந்து, மறுபடி எல்லா போர்ட்டுக்கும் போய், மறுபடி உள்ளே வந்து, முடிவே இல்லாமல் பெருகும். இத்தனை முறை சுற்றியதும் செத்துப் போ என்கிற கணக்கு ஈதர்நெட் பொட்டலத்தில் கிடையாது. பெரிய ஆபீஸ் ஸ்விட்சுகள் இந்தச் சுற்றைக் கண்டுபிடித்து ஒரு போர்ட்டை மூடிவிடும், வீட்டுக்கு வாங்கும் மலிவு ஸ்விட்சுகளில் பெரும்பாலும் அந்த வசதி இருக்காது. கேபிளை உருவியதும் சரியாகிவிட்டது.

இதுவரை பார்த்தது: ஹப் எந்த முகவரியையும் படிக்காது, வந்ததை எல்லோருக்கும் கொட்டும். ஸ்விட்ச் மேக் முகவரியைப் படித்து உரிய போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும். இரண்டுமே ஒரே வீட்டுக்குள், ஒரே நெட்வொர்க்குக்குள் வேலை செய்பவை.

ரவுட்டர்: வெளியுலகத்தோடு பேசும் பெட்டி

மேக் முகவரியில் ஊர் கிடையாது. அந்த எண்ணைப் பார்த்து அந்தக் கருவி தேக்கடியில் இருக்கிறதா தேனியில் இருக்கிறதா என்று சொல்ல முடியாது. உலகம் முழுக்கத் தேடிப் போக இன்னொரு வகை முகவரி வேண்டும், அதுதான் ஐபி முகவரி. இது பிறவியிலேயே வருவது இல்லை, சேரும் நெட்வொர்க் கொடுப்பது. எண்களின் முதல் பகுதி எந்த நெட்வொர்க் என்று சொல்லும், மீதி அந்த நெட்வொர்க்கில் எந்தக் கருவி என்று சொல்லும். ரவுட்டர் படிப்பது இதை. பெறுநர் நம் வீட்டு நெட்வொர்க்கிலேயே இருந்தால் ரவுட்டருக்கு அங்கே வேலை இல்லை. வேறு நெட்வொர்க் என்றால் பொட்டலம் ரவுட்டரிடம் வரும், அது அடுத்த ரவுட்டருக்குத் தள்ளிவிடும், இப்படிக் கைமாறிக் கைமாறித்தான் ஒரு வீடியோ உங்கள் போனுக்கு வந்து சேர்கிறது.

வீட்டு ரவுட்டர் இதோடு இன்னும் இரண்டு வேலை பார்க்கிறது. உங்கள் போன் வைஃபையில் சேர்ந்ததும், "உனக்கு 192.168.1.5" என்று ஓர் ஐபி முகவரியை எடுத்துக் கொடுக்கிறது. இப்படி முகவரி வழங்கும் ஏற்பாட்டுக்கு டிஎச்சிபி என்று பெயர். அடுத்த வீட்டு ரவுட்டரும் அதே எண்ணை அந்த வீட்டு டிவிக்குக் கொடுத்திருக்கலாம், சண்டை வராது, ஏனென்றால் 192.168 என்று தொடங்கும் முகவரிகள் வீட்டுக்குள் புழங்க மட்டும் என்று ஒதுக்கப்பட்டவை, வெளியே செல்லாது.

வெளியே செல்லாத முகவரியை வைத்துக்கொண்டு வெளியே எப்படிப் போவது? இதுதான் இன்னொரு வேலை. பொட்டலம் வாசலைத் தாண்டும்போது அனுப்புநர் இடத்தில் உங்கள் போனின் முகவரியை அழித்துவிட்டு, இணைப்பு கொடுத்த நிறுவனம் ரவுட்டருக்குத் தந்திருக்கும் ஒரே முகவரியை எழுதும். யாருக்காக எழுதினோம் என்று ஒரு பட்டியலில் குறித்து வைத்திருக்கும், பதில் வந்ததும் திருப்பி மாற்றி உரியவரிடம் கொடுக்கும். இதற்கு நாட் என்று பெயர். பழைய ஐபி முறையில் மொத்த முகவரிகளே சுமார் 429 கோடிதான், போனுக்கும் டிவிக்கும் மணி அடிக்கும் கேமராவுக்கும் தனித்தனியாகக் கொடுத்தால் எப்போதோ தீர்ந்திருக்கும். நாட் இருப்பதால் ஒரு வீட்டுக்கு ஒன்று போதும். வெளியிலிருந்து அழைக்காமல் வரும் பொட்டலத்துக்குப் பட்டியலில் இடமிருக்காது, அது வாசலோடு நின்றுவிடும், அது ஒரு சின்னப் பாதுகாப்பு.

சுருக்கமாக, ஸ்விட்ச் ஒரு நெட்வொர்க்குக்குள் சேர்த்துவைக்கிறது, ரவுட்டர் ஒரு நெட்வொர்க்கையும் இன்னொன்றையும் சேர்த்துவைக்கிறது. ஸ்விட்சை நேராக இணைய கேபிளில் மாட்டி நாலு கணினிக்கு நெட் எடுக்கப் பார்த்தால் வராததற்குக் காரணம் இதுதான்.

வீட்டில் இருக்கிற பெட்டி உண்மையில் எது?

எல்லாமும்தான். குழப்பத்தின் வேரே இங்கேதான் இருக்கிறது. ஃபைபர் இணைப்போடு வந்த அந்த ஒற்றைப் பெட்டிக்குள், கண்ணாடி இழையில் வரும் ஒளியை மின்சைகையாக மாற்றும் பகுதி ஒன்று, ரவுட்டர் ஒன்று, பின்பக்கம் வரிசையாக இருக்கும் போர்ட்டுகள் ஒரு ஸ்விட்ச், அப்புறம் வைஃபை. கம்பியில்லாத கருவிகளைக் கம்பி நெட்வொர்க்கோடு சேர்க்கும் வைஃபை பகுதிக்கு ஆக்சஸ் பாயின்ட் என்று பெயர்.

அந்த ஆக்சஸ் பாயின்ட் விஷயத்தில் ஒன்று பலருக்குத் தெரியாது. ஹப் செத்துப்போனது என்றேன் அல்லவா, அதன் குணம் வைஃபையில் உயிரோடு இருக்கிறது. காற்று எல்லோருக்கும் பொது, ஒரே சேனலில், அதாவது ஒரே அலைவரிசையில், ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். தூரத்து அறையில் ஒற்றைப் புள்ளி சிக்னலில் திணறும் ஒரு போன் மெதுவாகப் பேசினால், பக்கத்திலேயே இருக்கும் உங்கள் போனும் சேர்ந்து காத்திருக்கும். அதனால் நகராத சாமான்களை, டிவி, கேமரா பெட்டி, மேசைக் கணினி, கேபிளுக்கு மாற்றிவிட்டால் அவற்றுக்கும் நல்லது, வைஃபையில் மிச்சம் இருப்பவர்களுக்கும் நல்லது. இருநூறு எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறுவதற்கு முன்னால் முதலில் இதைச் செய்து பாருங்கள் என்பேன்.

இரண்டாவது ரவுட்டர் போட்ட வீடு

மாடியில் சிக்னல் இல்லை. இன்னொரு வைஃபை ரவுட்டர் வாங்கி, கீழிருந்து ஒரு கேபிள் இழுத்து, அதன் தனி நிறத்தில் இருக்கும் வான் (WAN, வெளி இணைப்புக்கான) போர்ட்டில் சொருகுகிறார்கள். நெட் வருகிறது, எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் இப்போது வீட்டில் இரண்டு நெட்வொர்க். மாடி ரவுட்டர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது, கீழே இருப்பது வெளியுலகம் என்று நினைத்து நடுவில் சுவர் எழுப்பிவிட்டது. கீழேயிருக்கும் பிரின்டர், மாடியில் இருக்கும் போனின் தேடலில் வராது.

மாடிக்குத் தேவை ஆக்சஸ் பாயின்ட் மட்டும். பல ரவுட்டர்களில் ஆக்சஸ் பாயின்ட் மோட் என்று ஓர் அமைப்பு இருக்கும், அதைப் போட்டால் ரவுட்டர் வேலையை நிறுத்திவிட்டு வெறும் ஸ்விட்சும் வைஃபையுமாக மாறிவிடும். அந்த வசதி இல்லாத பழைய பெட்டி என்றால் அதன் டிஎச்சிபியை அணைத்து, அதன் சொந்த ஐபி முகவரியைக் கீழே இருப்பதோடு இடிக்காமல் மாற்றி, கேபிளை வான் போர்ட்டை விட்டுச் வீட்டுக் கருவிகளுக்கான சாதாரண லேன் (LAN) போர்ட்டில் சொருக வேண்டும். டிஎச்சிபியை அணைக்க மறந்தால் இரண்டு பெட்டியும் போட்டி போட்டு முகவரி வழங்கும், சில போனுக்கு நெட் வரும், சிலதுக்கு வராது, நாளைக்கு அதுவே மாறியும் இருக்கும்.

வாங்கும்போது

கீழ்வீட்டில் போர்ட் பத்தவில்லை என்றால் ஸ்விட்ச். மாடியில் சிக்னல் இல்லை என்றால் ஆக்சஸ் பாயின்ட். புது ரவுட்டர், பழையது பழுதானாலோ பத்தாமல் போனாலோ மட்டும்.

ஸ்விட்ச் ஜிகாபிட்டாக இருக்கட்டும், அதாவது போர்ட்டுக்கு 1000 எம்பிபிஎஸ். கேபிளில் எட்டு இழை இருக்கும், 100 எம்பிபிஎஸ்சுக்கு நாலு போதும், ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நாலு இழையை மட்டும் அடித்து மீதியை வெட்டிவிட்டுப் போகிற ஆட்கள் உண்டு, அந்தக் கேபிளில் எவ்வளவு விலையுயர்ந்த ஸ்விட்ச் போட்டாலும் 100ஐத் தாண்டாது. கேபிள் வழியாகவே கேமராவுக்குக் கரண்டும் போக வேண்டும் என்றால் பிஓஇ ஸ்விட்ச் என்று கேட்டு வாங்க வேண்டும், சாதா ஸ்விட்ச் கரண்ட் கொடுக்காது.

வீட்டிலிருந்து ஏலக்காய் ஸ்டோருக்குக் கேபிள் இழுக்கிறவர்கள் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். செம்புக் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை, அதைத் தாண்டினால் நடுவில் ஒரு ஸ்விட்ச் வேண்டும். இன்னொன்று இடி. ஐப்பசியில் மதியத்துக்கு மேல் இந்த மலையில் இடிக்கிற இடிக்கு, வெளியே திறந்தவெளியில் போகும் செம்பு அந்த அதிர்ச்சியை அப்படியே உள்ளே கொண்டுவந்து போர்ட்டைப் பொசுக்கிவிடும். இரண்டு கட்டடத்துக்கு நடுவில் ஃபைபர் போட்டு, இரண்டு முனையிலும் ஒளியையும் மின்சைகையையும் ஒன்றிலிருந்து ஒன்றாக மாற்றும் மீடியா கன்வெர்ட்டர் வைத்துவிட்டால் அந்த வழியாக மின்சாரம் வராது. ஏற்கெனவே செம்புதான் கிடக்கிறது, இடித்த மறுநாள் ஸ்டோர் கேமரா வரவில்லை என்றால், உடனே புது ஸ்விட்ச் வாங்க ஓடாமல் அந்தக் கேபிளை வேறு போர்ட்டில் மாற்றிச் சொருகிப் பாருங்கள், பல நேரம் ஒரே ஒரு போர்ட்தான் போயிருக்கும்.